கொல்லைப்புறமும் காடும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

முற்காலத்தில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர்கள் மிகச் சிலரே. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒளிப்படக் கலைஞராக முடியும். வீட்டு முற்றத்தில் வந்தமரும் தேன்சிட்டையும், சுற்றுலாவின்போது சாலையோரம் காணும் காட்டுமாட்டையும் படமெடுக்க நாம் விரும்புகிறோம். படமெடுப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில், எவ்வளவு நெருங்கலாம், எப்போது கருவியைத் தாழ்த்த வேண்டும் என்னும் வினாக்கள் முதன்மை பெறுகின்றன. அவற்றுக்கு விடை தேடுவதே இப்பாடம்.

இரண்டும் கலக்கும் மலை

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளின் வழியே ஏறும் சாலை, சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டை அடைகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்பர். அதனைச் சுற்றிச் செம்மநத்தம் போன்ற சிற்றூர்கள் மலையெங்கும் பரவியுள்ளன. ‘நத்தம்’ என்பது மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் சொல்.

1820களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். இன்று மலையின் பெரும்பகுதியில் காப்பித் தோட்டங்கள் உள்ளன. காப்பிச் செடிக்கு நிழல் தேவை. ஆகவே, தோட்டங்களில் உயர்ந்த மரங்கள் நிற்கின்றன. மரங்களைத் தழுவி மிளகுக்கொடிகள் ஏறுகின்றன. வீட்டின் பின்புறத்தை அடுத்துத் தோட்டமும், தோட்டத்தை அடுத்துக் காடும் வருவதால், இங்கே கொல்லைப்புறம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கூறுவது அரிது. செம்மீசைச் சின்னான் வேலிக்கும் வரும். காட்டுமாடு காப்பித் தோட்டத்துக்குள்ளும் மேயும்.

இத்தகைய ஊரில் வாழ்பவருக்கும், அங்குப் பயணம் செல்பவருக்கும் ஒளிப்படக்கருவி ஒரு நல்ல துணை. ஆனால், அது எத்தகைய துணையாக அமைகிறது என்பது அதனைக் கையாள்பவரைப் பொறுத்தது. அக்கருவி காட்டுக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் அறிவோம்.

துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக்கருவி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறவையை ஆராய்தல் என்பது பெரும்பாலும் பறவையைச் சுடுதலையே குறித்தது. தோலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைத்தால்தான் அந்தப் பறவை அங்கு இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கும். உயிருள்ள பறவையை அதன் இடத்திலேயே பதிவுசெய்ய ஒளிப்படக்கலை வழிகாட்டியது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறப்புகள் இத்துறையின் முன்னோடிகள். அவர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய பறவைக்கூடு ஒன்றைப் படமெடுத்தனர். 1895இல் பறவைக்கூடுகளைப் பற்றி ஒளிப்படங்களுடன் நூல் வெளியிட்டனர். பறவைகள் அஞ்சி ஓடாதிருக்க, உள்ளீடற்ற எருது உருவம் ஒன்றைச் செய்து அதனுள் மறைந்திருந்து படமெடுத்தனர். மனிதரைக் கண்டு விலகும் பறவை, மேயும் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்னும் கவனிப்பே அவ்வுத்திக்கு அடிப்படை.

இந்தியாவில் ஐக்கிய மாகாணத்து வனத்துறை அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன், புலிகளைச் சுடுவதற்கு மாறாகப் படமெடுத்தார். காட்டுப் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அதனை ஒளிப்படக்கருவியோடு இணைத்தார். இரவில் நடந்துவரும் புலியின் கால் கம்பியில் பட்டதும் ஒளி வெட்டியது. புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொண்டது. அப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927இல் வெளிவந்தது. ஒவ்வொரு புலியின் வரிகளும் வெவ்வேறானவை என்பதை அவருடைய படங்கள் காட்டின. இன்று நம் நாட்டில் நடைபெறும் புலிகள் கணக்கெடுப்பும் தானியங்கி ஒளிப்படக்கருவிகளையும் வரி வேறுபாட்டையுமே நம்பியிருக்கிறது.

அசாமில் தேயிலைத் தோட்டம் ஒன்றை நடத்திவந்த இ. பி. ஜீ, பணி நேரம் போக எஞ்சிய பொழுதில் காட்டுயிர்களைக் கவனித்தவர். அசாம், பூட்டான் எல்லைப் பகுதியில் பொன்னிற உரோமம் கொண்ட குரங்குகளை 1950களில் அவர் படமெடுத்தார். அதுவரை அறிவியல் உலகம் முறையாகப் பெயரிட்டிராத அக்குரங்குக்கு 1956இல் அவர் பெயரையே சேர்த்து அறிவியல் பெயர் சூட்டினர். ஒரு தோட்டக்காரரின் ஓய்வுநேர ஆர்வம், ஓர் உயிரினத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒரே கண்ணால் பார்த்த முன்னோடி ஒருவர் தமிழ்நாட்டிலும் வாழ்ந்தார்.

மா. கிருஷ்ணன் கற்ற பள்ளி

மா. கிருஷ்ணன் (1912–1996) திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தைப் படைத்த அ. மாதவையா இவருடைய தந்தை. கிருஷ்ணனின் இளமைக்காலத்தில் குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்று கட்டடங்கள் நெருங்கி நிற்கும் அப்பகுதி, அன்று புதர்களும் மரங்களும் மண்டிக் கிடந்தது. பறவைகளையும் நரிகளையும் வெளிமான்களையும் அங்கே காண முடிந்தது. இயற்கையைப் பற்றிய அவருடைய முதற்பள்ளி வீட்டைச் சுற்றியிருந்த அந்த நிலமே ஆகும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் ஃபைசன் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். ஆசிரியரோடு மலைப்பகுதிகளுக்குச் சென்று, செடிகொடிகளை உற்றுநோக்கிப் பெயரறியும் பயிற்சியைக் கிருஷ்ணன் பெற்றார். தென்னிந்திய மலை வாழிடங்களின் தாவரங்களைப் பற்றி ஃபைசன் எழுதிய நூல் 1932இல் வெளிவந்தது. உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய ஊர்களோடு ஏற்காட்டின் பெயரும் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. விலங்கைப் படமெடுப்பதற்கு முன் அது நிற்கும் செடியை அறிந்தவர் கிருஷ்ணன் என்பது இங்குக் கருதத்தக்கது.

இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் 1942 முதல் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகளை அவர் ஆற்றினார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையுமே தம் வாழ்வாகக் கொண்டார். கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996 வரை 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றிய பத்தியை எழுதிவந்தார். புலியும் யானையும் அப்பத்தியில் இடம்பெற்றதைப் போலவே, காகமும் அணிலும் ஓணானும் இடம்பெற்றன. 1961இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே ‘ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்’, அதாவது ‘காடும் கொல்லைப்புறமும்’ என்பதாகும். இரண்டுக்கும் ஒரே மதிப்பை அளித்த பார்வையை அத்தலைப்பு உணர்த்துகிறது.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார். அவர் பயன்படுத்திய கருவி கடையில் வாங்கிய விலையுயர்ந்த கருவி அன்று. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதி, வேறொரு நிறுவனத்தின் வில்லை எனப் பல உறுப்புகளை இணைத்துச் செய்யப்பட்டது. கனமான அக்கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். முதுமலை போன்ற காடுகளில் வனத்துறையின் பழக்கப்பட்ட யானைமீது அமர்ந்து சென்றும் காட்டுயானைகளைப் படமெடுத்தார். அவருடைய யானைப் படங்கள் பலவற்றில் யானையோடு அதன் கூட்டமும், அது நிற்கும் காடும் சேர்ந்தே காணப்படும். யானை எத்தகைய நிலத்தில், யாரோடு, எவ்வாறு வாழ்கிறது என்பதை அப்படங்கள் கூறுகின்றன.

1968இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கையும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. தமிழிலும் அவர் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலில் அவற்றைக் காணலாம்.

தெரியுமா?

மழைக்காலம் முடிந்து குளிர்காலத்தில் தமிழ்நாட்டில் தங்கும் பறவைகளுள் ஒன்று ஆறுமணிக்குருவி. இமயமலையின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இது, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது. விடியற்காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. பல வண்ணங்கள் கொண்டதாயினும் நிழலடர்ந்த தரையில் சருகுகளைப் புரட்டி இரை தேடுவதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. பெயரை அறிந்தவர், எந்த நேரத்தில் காத்திருக்க வேண்டும் என்பதையும் அறிகிறார்.

வீட்டிலிருந்து தொடங்குதல்

தொலைவிலுள்ள காட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செல்லலாம். கொல்லைப்புறத்துக்கு நாள்தோறும் செல்லலாம். அன்றாடம் காணும் பறவையைத் தொடர்ந்து கவனிப்பவருக்கே அதன் வாழ்க்கை புலப்படும். செம்மீசைச் சின்னானை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் கூரிய கொண்டையும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் திட்டும் காணப்படும். ஒரே வேலியில் சில மாதங்கள் தொடர்ந்து படமெடுத்தால், சில பறவைகளுக்கு அச்சிவப்புத் திட்டு இல்லாதிருப்பதைக் காணலாம். அவை வேறு இனம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அவை இளம்பறவைகள். அவ்வாறே, ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும். அக்காலம் கழிந்ததும் பெண்ணைப் போன்ற நிறம் பெற்று, மார்பின் நடுவில் ஒரு கருங்கோட்டை மட்டும் தாங்கி நிற்கும். ஒருநாள் எடுத்த ஒரு படம் இவற்றைச் சொல்லாது. ஓராண்டு எடுத்த படங்களின் வரிசை சொல்லும்.

தமிழ்ப் புலவர்களிடமும் இவ்வுற்றுநோக்கலைக் காணலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை வரிசைப்படுத்தினார். செங்கால் நாரையைப் பாடிய சத்திமுத்தப் புலவர், அப்பறவையின் காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் பிழையின்றிக் குறித்தார். ஒளிப்படக்கருவி இல்லாத காலத்தில் கண்ணும் சொல்லும் செய்த பணி இது. கருவி வந்தபின் கண்ணின் பணி குறைந்துவிடவில்லை.

ஆகவே, படத்தோடு குறிப்பும் வேண்டும். நாள், நேரம், இடம், பறவை அமர்ந்த மரம், உண்ட உணவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடமும், தோட்டத்தில் பணிபுரியும் முதியவர்களிடமும் பறவைகளுக்கான வட்டாரப் பெயர்கள் உண்டு. அவற்றையும் கேட்டு எழுதலாம். சின்னான் அமர்ந்திருப்பது இம்மண்ணுக்குரிய அத்தி மரத்திலா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்திலா என்று குறித்துவந்தால், சில ஆண்டுகளில் அக்குறிப்பேடே ஓர் ஆய்வுக்கு வித்தாகும்.

ஒளியும் வேகமும்

ஒளிப்படம் என்பது ஒளியைப் பதிவுசெய்தல். ஒளியின் அளவை மூன்று அமைப்புகள் தீர்மானிக்கின்றன. வில்லையின் வழியே ஒளி நுழையும் துளையின் அளவு முதலாவது. ஷட்டர் என்னும் மூடுதிரை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது இரண்டாவது. ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒளியுணர்திறன் மூன்றாவது. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

கிளையில் அசையாது அமர்ந்திருக்கும் பறவைக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு முதல் 500இல் ஒரு பங்கு வரையிலான ஷட்டர் வேகம் போதும். பறக்கும் பறவையின் சிறகு தெளிவாகப் பதிய, நொடியில் 2000இல் ஒரு பங்கு அளவுக்கு வேகம் தேவைப்படும். வேகம் கூடும்போது உள்ளே வரும் ஒளி குறையும். அதனை ஈடுசெய்ய ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் தோன்றும். காப்பித் தோட்டத்தின் நிழலிலும், ஏற்காட்டின் மூடுபனியிலும் இச்சிக்கல் மிகுதி. முக்காலி, மரத்தண்டு, சன்னல் விளிம்பு ஆகியவற்றில் கருவியைத் தாங்கி வைத்தால் குறைந்த வேகத்திலும் தெளிவான படம் கிடைக்கும்.

தொலைவிலுள்ள பறவையைப் பெரிதாகக் காட்ட 400 மி.மீ., 600 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட வில்லைகள் உதவும். அவை விலை மிகுந்தவை. அவை இல்லாதவர், பறவை தானாக அருகில் வரும் இடத்தையும் நேரத்தையும் அறிந்து காத்திருக்கலாம். தோட்டத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துச் சற்றுத் தள்ளி அமைதியாக அமர்ந்தால், எளிய கருவியும் நல்ல படம் தரும். பறவையின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, கண்ணின்மேல் குவியத்தை நிறுத்தினால் படம் உயிர்பெறும். காலையிலும் மாலையிலும் சாய்வாக விழும் மென்மையான ஒளி இதற்கு ஏற்றது.

பயணத்தில் கொள்ள வேண்டியவை

வீட்டில் பழகிய பொறுமை பயணத்தில் பயன்தரும். புதிய இடத்துக்குச் சென்றதும் கருவியை எடுக்காமல் சிறிது நேரம் அமர்ந்து கேட்க வேண்டும். எந்தத் திசையில் எந்தக் குரல் ஒலிக்கிறது, எந்த மரம் பழுத்திருக்கிறது என்று கண்டபின் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அடர்ந்த நிறமுள்ள ஆடைகளைத் தவிர்த்து, மண்ணோடும் இலையோடும் இயையும் நிறங்களை அணிவது நன்று. பறவைகள் பல, நடந்துவரும் மனிதரைக் காட்டிலும் நின்றிருக்கும் வாகனத்தைப் பொறுத்துக்கொள்ளும். எனவே, வாகனத்தின் உள்ளிருந்தே படமெடுப்பதும் ஒரு வழி.

காப்பித் தோட்டங்கள் உரிமையாளர் உள்ளவை. அனுமதி பெற்றே நுழைய வேண்டும். சரணாலயங்களுக்குள் படமெடுக்க வனத்துறையின் அனுமதி தேவை. சேர்வராயன் மலையில் காட்டுமாடுகள் அமைதியாக மேய்வதைக் கண்டு அவற்றை வீட்டு மாடுகளாகக் கருதி நெருங்கலாகாது. முழு வளர்ச்சியடைந்த ஆண் காட்டுமாடு, யானையை அடுத்து நம் காடுகளில் காணப்படும் மிகப்பெரிய விலங்குகளுள் ஒன்று. தலையை உயர்த்தி உற்றுப் பார்ப்பதும், பெருமூச்செறிவதும், காலால் தரையைத் தட்டுவதும் அது தரும் எச்சரிக்கைகள். அப்போது படத்தை மறந்து, முதுகு காட்டி ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். யானைகளை அருகிலிருந்து படமெடுத்த கிருஷ்ணனுக்குப் பல்லாண்டுக் காட்டறிவு துணைநின்றது. அவ்வறிவின்றி அவரது நெருக்கத்தை மட்டும் பின்பற்றுவது பேதைமையாகும்.

கூடு என்னும் எல்லை

படமெடுப்பவரின் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது பறவைக்கூடு. வாய் பிளந்த குஞ்சுகளுக்குத் தாய்ப்பறவை உணவூட்டும் காட்சியை யார்தான் விரும்பார்? ஆயினும், அக்காட்சியைப் பதிவுசெய்யும் முயற்சியே கூட்டுக்குக் கேடாக முடியக்கூடும்.

கூடு இலைகளுக்கிடையே மறைந்திருப்பது தற்செயல் அன்று. கூட்டைத் தெளிவாகக் காட்ட ஒரு சிறு கிளையை ஒடித்தால், அதுவரை படாத வெயில் முட்டைகளின்மேல் படும். காகமும் வல்லூறும் கூட்டைக் காணும். படமெடுப்பவர் அருகில் நிற்கும்வரை தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கும். அந்நேரத்தில் அடைகாக்கப்படாத முட்டைகள் குளிர்ந்துபோகலாம்; இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலிலோ குளிரிலோ வாடலாம். தொந்தரவு மிகுந்தால் பெற்றோர் கூட்டைக் கைவிட்டு நீங்குவதும் உண்டு. கூட்டை நோக்கி மனிதர் மிதித்துச் செல்லும் தடத்தைப் பின்பற்றிப் பூனையும் கீரியும் வந்தடையலாம். படமெடுத்தவர் ஊர் திரும்பிய பின்னரே இவை நிகழ்வதால், தம் படத்தின் விலையை அவர் அறிவதில்லை.

நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அச்சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்கு அளிக்கும் விளக்கம் நம் கவனத்துக்குரியது. காட்டுயிரைக் கொல்லுதல், பிடித்தல், பொறிவைத்தல் ஆகியவற்றோடு, காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துதலும், முட்டைகளையோ கூட்டையோ தொந்தரவு செய்தலும் வேட்டை என்னும் சொல்லுக்குள் அடங்குகின்றன. துப்பாக்கியை விடுத்து ஒளிப்படக்கருவியை ஏந்தியதனாலேயே ஒருவர் வேட்டையிலிருந்து விலகிவிட்டார் என்று கருத இயலாது. கருவி மாறியதுபோல் நடத்தையும் மாற வேண்டும்.

கூட்டைப் போன்றே வேறு சில செயல்களிலும் கவனம் தேவை. ஒரு பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்தால், தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக எண்ணி அது விரைந்து வரும். இரை தேட வேண்டிய நேரத்தையும் ஆற்றலையும் இல்லாத எதிரிக்காகச் செலவிடும். இரவில் ஆந்தையின் கண்ணில் திடீர் ஒளியைப் பாய்ச்சுவது அதன் பார்வையைச் சிறிது நேரம் குலைக்கும். உணவைக் காட்டி விலங்குகளை ஈர்ப்பது அவற்றை மனிதரை நாடப் பழக்கும். ஏற்காட்டுச் சாலையோரங்களில் குரங்குகள் வாகனங்களைச் சூழ்வதற்கு நாம் கொடுத்த தின்பண்டங்களே காரணம்.

தெரிந்து தெளிவோம்

• நம் வருகையால் பறவை தன் செயலை நிறுத்தினால், நாம் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.
• பறவை அலகில் இரையுடன் கூட்டுக்குச் செல்லாமல் சுற்றிச்சுற்றி வந்தால், உடனே அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டும்.
• கிளையை ஒடித்தல், கூட்டைத் தொடுதல், குஞ்சை இடம் மாற்றுதல் ஆகியவை கூடா.
• அரிய பறவையின் கூடோ தங்குமிடமோ உள்ள துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் பகிரக் கூடாது.
• படத்தைப் பிறருக்குக் காட்டும்போது அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதையும் உண்மையாகக் கூற வேண்டும்.

சான்றாகும் படம்

நெறியுடன் எடுத்த படம் அழகுப்பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது சான்றாகவும் விளங்கும். அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் பகுதியில், தொழிலால் வானியல் அறிஞரான ரமணா ஆத்ரேயா 1995இல் தாம் அறியாப் பறவை ஒன்றைக் கண்டார். பல ஆண்டுகள் தேடி, 2006இல் அதனைப் புதிய இனம் என்று உலகுக்கு அறிவித்தார். அப்பகுதியில் வாழும் புகுன் பழங்குடியினரின் பெயரை அதற்குச் சூட்டினார். புதிய இனத்தை அறிவிக்க ஒரு பறவையைக் கொன்று பதப்படுத்தி வைப்பதே நெடுங்கால வழக்கம். ஆனால், மிகச் சிலவே காணப்பட்ட பறவையில் ஒன்றைக்கூடக் கொல்ல அவர் விரும்பவில்லை. வலையில் பிடித்து விடுவித்தபோது உதிர்ந்த இறகுகள், ஒளிப்படங்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றையே சான்றுகளாக அளித்தார். முற்காலத்தில் துப்பாக்கி செய்த பணியை ஒளிப்படக்கருவி ஏற்றுக்கொண்டதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

இத்தகைய பெரிய கண்டுபிடிப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எனினும், சிறிய பதிவுகளும் பயன் தருகின்றன. தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வீட்டு மாடியிலோ வயலோரத்திலோ ஏரிக்கரையிலோ 15 நிமிடமேனும் நின்று, கண்ட பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ என்னும் இணையத் தளத்தில் பதியலாம். பறவையின் பெயரில் ஐயம் எழுந்தால் உடன் இணைத்த படம் அதனைத் தீர்க்கும். இவ்வாறு நாடெங்குமுள்ள 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு, 942 பறவை இனங்களின் நிலையை மதிப்பிட்ட இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 2023இல் வெளிவந்தது. எவ்வினம் பெருகுகிறது, எவ்வினம் அருகுகிறது என்பதை அவ்வறிக்கை காட்டுகிறது. ஊதியம் கருதாத ஆர்வலர்களின் உழைப்பே அதன் அடித்தளம்.

சேர்வராயன் மலையில் வாழும் ஒரு மாணவர், தம் வீட்டு வேலியில் இவ்வாண்டு ஆறுமணிக்குருவி முதன்முதலில் குரல் கொடுத்த நாளை எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவ்வாறே எழுதலாம். வலசை வரும் நாள் மாறுகிறதா என்னும் வினாவுக்கு அம்மாணவரின் குறிப்பேடு விடை சொல்லும். அதற்கு விலையுயர்ந்த வில்லை தேவையில்லை, தொடர்ச்சியே தேவை.

கிருஷ்ணன் நமக்கு விட்டுச்சென்ற பாடமும் இதுவே. காட்டை நேசிப்பவர் கொல்லைப்புறத்தைப் புறக்கணிப்பதில்லை. அறிந்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள வேலியும் காடாகிறது. அறியாமல் நெருங்குபவரால் அடர்ந்த காடும் அமைதி இழக்கிறது. நாம் படமெடுத்து முடித்த பின்னும் அப்பறவை முன்பிருந்தவாறே இரை தேடிக்கொண்டிருக்குமாயின், நம் படம் நல்ல படம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலோ பள்ளி வளாகத்திலோ காணும் ஐந்து பறவைகளை ஒரு வாரம் கவனித்து, நாள், நேரம், இடம், செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. உங்கள் ஊரில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் வழங்கும் வட்டாரப் பெயர்களை முதியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.
3. ‘கூட்டைப் படமெடுத்தல் சரியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

இலக்கணக் குறிப்பு

முட்டையும் கூடும் – எண்ணும்மை
அறியாப் பறவை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
கருநீலம் – பண்புத்தொகை
உற்றுநோக்கல் – தொழிற்பெயர்

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. குறிஞ்சிப்பாட்டில் இடம்பெற்றுள்ள மலர்களின் எண்ணிக்கை
அ) 63 ஆ) 96 இ) 99 ஈ) 108

2. ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலைத் தொகுத்தவர்
அ) அ. மாதவையா ஆ) மா. கிருஷ்ணன் இ) சு. தியடோர் பாஸ்கரன் ஈ) ஃபைசன்

குறுவினா

1. ஆறுமணிக்குருவி அப்பெயர் பெற்றது ஏன்?
2. கியர்ட்டன் உடன்பிறப்புகள் எருது உருவத்தைப் பயன்படுத்தியதன் காரணத்தை எழுதுக.

சிறுவினா

1. ஒளிப்படத்தில் ஒளியின் அளவைத் தீர்மானிக்கும் மூன்று அமைப்புகளை விளக்குக.
2. பறவைக்கூட்டை நெருங்கிப் படமெடுப்பதால் விளையும் தீமைகள் யாவை?

நெடுவினா

1. ‘கருவி மாறியதுபோல் நடத்தையும் மாற வேண்டும்’ – இக்கருத்தைப் பாடப்பகுதிவழி நிறுவுக.
2. மா. கிருஷ்ணன் காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒன்றாக மதித்த பாங்கை எடுத்துரைத்து, உங்கள் ஊரின் இயற்கையைப் பதிவுசெய்ய நீங்கள் மேற்கொள்ளும் வழிகளை விவரிக்க.